நெட் இணைப்பை மாற்றும்போது மெயில் ஐடியைக் காப்பாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமுளி, கம்பம், போடி, செங்கோட்டை, களியக்காவிளை, வாளையார், கொழிஞ்சாம்பாறை என்று கேரள எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு நெட் இணைப்பு மாறுவது அடிக்கடி நடக்கிற காரியம். ஏழெட்டு மைல் தள்ளி வீடு மாறினாலே மாநிலம் மாறுகிறது, கேபிள்காரர் மாறுகிறார், லேண்ட்லைன் எண் மாறுகிறது. இதோடு பழைய மெயில் ஐடியும் போய்விடுமா என்பதில்தான் பலருக்கும் குழப்பம். கேள்விகளை வந்த வரிசையில் போடாமல், வேலை செய்ய வேண்டிய வரிசையில் அடுக்கியிருக்கிறோம்.

இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றினால் என் மெயில் ஐடி போய்விடுமா?

உங்கள் முகவரியில் ‘@’ குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜிமெயில், யாகூ, அவுட்லுக், ரெடிஃப் என்று இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அந்த முகவரிக்கும் உங்கள் வீட்டுக்கு வரும் வயருக்கும் சம்பந்தமே இல்லை. யாருடைய இணைப்பில் உட்கார்ந்து திறந்தாலும் திறக்கும்.

‘@’ குறிக்குப் பின்னால் நெட் தரும் கம்பெனியின் பெயரே இருந்தால்தான் கவலை. பிஎஸ்என்எல், டேட்டாஒன், சஞ்சார்நெட், விஎஸ்என்எல், சிஃபி, ஏசியாநெட் என்று இணைப்போடு சேர்த்து ஒரு முகவரியும் கொடுத்த காலம் ஒன்று உண்டு. டயல்-அப் நாளில் வாங்கிய அந்த முகவரியை லெட்டர்பேடிலும் கடைப் பலகையிலும் அச்சடித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வகை முகவரி கம்பெனியின் சொத்து. நீங்கள் வாடிக்கையாளராக இருக்கும் வரைக்கும்தான் அது உங்கள் பெயரில் ஓடும்.

மூன்றாவது வகை, உங்கள் கடை அல்லது நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள முகவரி. அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கீழே தனியாகச் சொல்கிறோம்.

ரூட்டரில் போட்டிருக்கும் யூசர்நேமும் மெயில் ஐடி போலவே இருக்கிறதே, அதற்கும் மெயில் வருமா?

வராது. ஃபைபர் இணைப்பு போடும்போது ரூட்டரிலோ ஓஎன்டி பெட்டியிலோ (ஃபைபர் வயர் வந்து சேரும் பெட்டி) ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அடிப்பார்கள். பல கம்பெனிகளில் அதற்கு நடுவிலும் ‘@’ இருக்கும். பிஎஸ்என்எல் ஃபைபரில் லேண்ட்லைன் எண்ணோடு ஒட்டிய நீளமான ஒரு பெயர் வருவது இப்படித்தான். அது பிபிபிஓஇ என்ற முறையில் உங்கள் பெட்டியை அடையாளம் காண மட்டுமே. அந்தப் பெயருக்குப் பின்னால் தபால்பெட்டி எதுவும் கிடையாது.

இரண்டையும் குழப்பிக்கொள்வதால் இரண்டு விதத்தில் வம்பு. சிலர் இல்லாத மெயிலைக் காப்பாற்ற அலைகிறார்கள். சிலர் ரூட்டர் பாஸ்வேர்டை மெயில் பாஸ்வேர்டு என்று நினைத்து மாற்றிவிட்டு, நெட்டே வரவில்லை என்று நிற்கிறார்கள்.

மொபைல் எண்ணைப் போல மெயில் ஐடியையும் போர்ட் செய்ய முடியாதா?

இந்தியாவில் முடியாது. மொபைல் எண்ணுக்கு 2011 ஜனவரியில் நாடு முழுக்கப் போர்ட்டிங் வந்தது; மாநிலம் விட்டு மாநிலம் மாற்றும் வசதி 2015 ஜூலையில் வந்தது. 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிக் குறியீடு வாங்கினால் கேரள எண்ணைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரலாம். மெயிலுக்கு அப்படி ஒரு விதி இல்லை.

தொழில்நுட்பத்திலும் காரணம் உண்டு. உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பப்படும்போது, அனுப்பும் சர்வர் ‘@’ குறிக்குப் பின்னால் உள்ள டொமைன் பெயரை எடுத்து, அதன் எம்எக்ஸ் பதிவு எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்று கேட்கும். ‘@’ குறிக்கு முன்னால் இருக்கும் உங்கள் பெயரை அந்தக் கட்டத்தில் பார்ப்பதே இல்லை. ஆக, அந்த டொமைனில் உள்ள எல்லோருடைய மெயிலும் ஒரே வாசலுக்குத்தான் போய்ச் சேரும். உங்கள் ஒருவருடையதை மட்டும் பிரித்து வேறு கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமென்றால் பழைய கம்பெனியே மனம் வைத்து ஃபார்வர்டு செய்தால்தான் உண்டு.

பிரான்சில் இணைப்பை விட்ட பிறகும் ஆறு மாதம் மெயில் பெட்டியைத் திறந்துவைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத் தொகுப்பிலும், ஒப்பந்தம் முடிந்த பின் மெயிலை ஃபார்வர்டு செய்வது அல்லது திறந்துபார்க்க விடுவது பற்றிப் பேச்சு இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் “கேட்டால் கொடுப்பார்கள்” என்று சொல்வது அந்த ஊருக்குச் சரி. இங்கே அதை நம்பி இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

குமுளியிலிருந்து கம்பத்துக்கு வீடு மாற்றுகிறோம். அதே கம்பெனிதான் அங்கும் இருக்கிறது. அப்போதும் ஐடி மாறுமா?

கேரள கேபிள்காரர்களின் பிராட்பேண்ட் பெரும்பாலும் எல்லையோடு நின்றுவிடும். அந்த நிலையில் இது முழு மாற்றம்தான். நாடு முழுக்க உள்ள கம்பெனியாக இருந்தாலும் கேரளமும் தமிழ்நாடும் வெவ்வேறு தொலைத்தொடர்பு வட்டங்கள். குமுளியின் 04869 எண் கம்பத்தின் 04554 பகுதிக்கு வராது. புது எண், புதுக் கணக்கு, புது வாடிக்கையாளர் எண் என்றுதான் வரும். பழைய கணக்கோடு மெயில் பெட்டி கட்டப்பட்டிருந்தால் கணக்கை மூடியதும் அதுவும் மூடப்படலாம்.

ஆகவே “இடமாற்றம்” என்று சொல்கிறார்களா, “மூடிவிட்டுப் புதிது” என்று சொல்கிறார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொன்னது நிற்காது. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும்?

புது இணைப்பு வாங்குவதும் மெயில் மாற்றுவதும் ஒரே நாளில் முடிகிற வேலை என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தொல்லை தொடங்குகிறது. இணைப்பு ஒரு மணி நேரத்தில் மாறிவிடும். மெயிலுக்குக் குறைந்தது இரண்டு மாதம் பிடிக்கும்.

முதலில் புது முகவரி. அடுத்து பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு ஃபார்வர்டு. ஃபார்வர்டு ஓடத் தொடங்கிய பிறகு பழைய மெயில்களை நகல் எடுப்பது, தொடர்புப் பட்டியலை இறக்குவது. அதன் பிறகு வங்கி, வருமான வரி, ஜிஎஸ்டி என்று ஒவ்வொரு இடமாக முகவரியை மாற்றுவது. இதுதான் நாள் பிடிக்கிற பகுதி. இதெல்லாம் நடக்கும்போது பழைய இணைப்பும் உயிரோடு இருக்க வேண்டும். கம்பெனியில் உள்ளதிலேயே மலிவான திட்டத்துக்கு இறக்கிக்கொண்டு இரண்டு மூன்று மாதம் ஓட்டுங்கள். புது வீட்டுக்குப் போய்விட்டாலும் பழைய கணக்கு கட்டணம் கட்டி உயிரோடு இருந்தால் மெயிலை எங்கிருந்தும் வெப்பில் திறக்கலாம்.

கடைசியில்தான் சரண்டர். அதற்கு முன் வாடிக்கையாளர் பக்கத்தில் நுழைந்து பழைய பில்களையும் ரசீதுகளையும் பிடிஎஃப் ஆக இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். கணக்கை மூடியதும் அந்தப் பக்கமும் திறக்காது. டெபாசிட் திரும்ப வாங்க ரசீது கேட்பார்கள். ஓஎன்டி பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சீரியல் எண் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

புது முகவரியை எங்கே தொடங்கலாம்?

நெட் கம்பெனி தருவதைத் தவிர எங்கே வேண்டுமானாலும். புதிய கம்பெனி இலவசமாக ஒன்று தருகிறேன் என்றாலும் வேண்டாம். அடுத்த முறை மறுபடி இதே கதைதான்.

வீட்டு உபயோகத்துக்கு ஜிமெயிலும் அவுட்லுக்கும் போதும். ஜிமெயிலில் 15 ஜிபி இடம், ஆனால் அது டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்து. போனில் எடுக்கும் வீடியோவெல்லாம் போட்டோஸில் போய் இடத்தை நிரப்பினால் மெயில் வருவதே நின்றுவிடும். இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவும் மெயில் தருகிறது. சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. அதன் இலவசத் திட்டத்தில் 5 பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி. ஆனால் வெப்பிலும் அவர்களுடைய ஆப்பிலும்தான் பார்க்க முடியும், தண்டர்பேர்டு போன்ற கணினி மெயில் மென்பொருளில் இணைக்க முடியாது.

முகவரியில் ஊர் பெயர், கம்பெனி பெயர், பிறந்த வருடம் இவற்றைச் சேர்க்காமல் இருப்பது நல்லது. ஊர் மாறும், கம்பெனி மாறும். பிறந்த வருடம் மாறாது, ஆனால் அதை ஊருக்கெல்லாம் சொல்வானேன்?

கடைக்குச் சொந்த டொமைன் வாங்குவது தேவையா?

வியாபாரம் செய்பவர் என்றால் தேவை என்றே சொல்வோம். ஏலக்காய், ரப்பர், மிளகு என்று இரண்டு மாநிலத்திலும் கொள்முதல் செய்பவர்கள், தங்கும் விடுதி நடத்துபவர்கள், சிஏ அலுவலகங்கள் இவர்களுக்கெல்லாம் முகவரி மாறுவது ஒவ்வொரு முறையும் நஷ்டம். சொந்த டொமைன் இருந்தால் மெயில் வைத்திருக்கும் இடத்தை எத்தனை முறை மாற்றினாலும் ‘@’ குறிக்குப் பின்னால் உள்ள பெயர் அப்படியே இருக்கும். எம்எக்ஸ் பதிவை மட்டும் புது இடத்துக்குத் திருப்பினால் போதும்.

டாட் இன் பெயர்களின் பதிவேட்டை நிக்ஸி என்ற அமைப்பு பராமரிக்கிறது. பெயரை விற்பது பதிவாளர் கம்பெனிகள். முதல் வருடத்துக்கு மிகக் குறைந்த விலை போட்டுவிட்டு இரண்டாம் வருடம் பல மடங்கு கேட்பவர்கள் உண்டு, ஆகவே வாங்கும்போதே புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். கூடவே விற்க வரும் வெப்சைட் பில்டர், ஹோஸ்டிங், பாதுகாப்புப் பேக் எதுவும் மெயிலுக்குத் தேவையில்லை.

அமைப்பது பெரிய வித்தை இல்லை. மெயில் தரும் நிறுவனம், நீங்கள்தான் டொமைன் உரிமையாளர் என்று நிரூபிக்க ஒரு டிஎக்ஸ்டி பதிவு (டொமைன் அமைப்பில் சேர்க்கும் ஒரு வரி) கேட்கும். பிறகு எம்எக்ஸ் பதிவுகள். ஸோஹோ என்றால் மூன்று, முன்னுரிமை எண் 10, 20, 50. டொமைன் வாங்கிய இடம் தானாகப் போட்டுவைத்த பழைய எம்எக்ஸ் பதிவுகளை அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் பாதி மெயில் இங்கும் பாதி அங்கும் போகும், எது எங்கே போனது என்று கண்டுபிடிக்க முடியாது. அதன் பின் எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை). எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டாவது நிறுவனத்தைச் சேர்க்கும்போது புதிதாக இன்னொரு வரி போடாமல், இருக்கும் வரிக்குள்ளேயே சேருங்கள். இரண்டு வரி இருந்தால் இரண்டுமே செல்லாது, நீங்கள் அனுப்பும் மெயில் ஸ்பேமுக்குப் போகும்.

தொழில்நுட்பத்தை விடக் காகித வேலையில்தான் ஆபத்து அதிகம். வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் பெயரிலும் தன் மெயிலிலும் டொமைனைப் பதிந்திருப்பான். அவன் வெளிநாடு போனாலோ மனஸ்தாபம் வந்தாலோ பெயர் அவனுடையது. இன்றைக்கே பதிவாளர் கணக்கில் உரிமையாளர் பெயர், தொலைபேசி, மெயில் மூன்றும் உங்களுடையதா என்று பாருங்கள். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் எச்சரிக்கை மெயிலும் அதோடு சேர்ந்து காணாமல் போகும். ஜிமெயில் ஒன்றைக் கொடுத்துவையுங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போடுங்கள், முடிந்தால் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள்.

பழைய மெயில்களை எப்படி எடுப்பது?

மென்பொருள் வழியாக மெயிலை எடுக்க ஐமேப், போப் என்று இரண்டு முறைகள் உண்டு. முதலில் பழைய பெட்டி ஐமேப் தருகிறதா, போப் மட்டுமா என்று தெரிய வேண்டும். ஐமேப் என்றால் போர்ட் 993, போப் என்றால் 995. இரண்டிலும் எஸ்எஸ்எல் (பாதுகாப்பு இணைப்பு) போட வேண்டும். போப் இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும். நீங்கள் அனுப்பியவை, நீங்களே உருவாக்கிய ஃபோல்டர்கள் எதுவும் வராது. போப் மட்டுமே இருந்தால், வெப்மெயிலில் நுழைந்து அனுப்பிய மெயில்களில் முக்கியமானவற்றை இன்பாக்ஸுக்கு நகர்த்திவிட்டு அதன் பின் இறக்குங்கள். ‘சர்வரில் ஒரு நகல் விடு’ என்ற பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் இறக்கியதும் சர்வரில் அழிந்துவிடும்.

தண்டர்பேர்டு இலவச மென்பொருள், இந்த வேலைக்கு அதுவே தோது. பழைய கணக்கை அதில் சேர்த்து, எல்லா ஃபோல்டர்களையும் ஆஃப்லைனுக்கு இறக்கும்படி ‘சின்க்ரனைசேஷன்’ அமைப்பில் சொல்லிவிட்டு ஓர் இரவு ஓட விடுங்கள். காலையில் அவற்றை ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்ற இடத்துக்கு நகல் எடுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். ஐமேப் என்பது சர்வரில் உள்ளதன் நிழல். சர்வரில் பெட்டி காலியானால் அடுத்த முறை இணைக்கும்போது உங்கள் கணினியிலும் காலியாகும். லோக்கல் ஃபோல்டர்ஸில் உள்ளதைச் சர்வர் தொட முடியாது.

பிறகு புது ஜிமெயிலையும் அதே தண்டர்பேர்டில் சேருங்கள். உலாவிச் சாளரம் திறந்து கூகுள் பாஸ்வேர்டு கேட்கும். லோக்கல் ஃபோல்டரில் உள்ளதை வருடவாரியாகப் பிரித்து, 500 அல்லது 1000 மெயிலாகத் தேர்ந்தெடுத்து, புதுக் கணக்கின் ஒரு ஃபோல்டருக்குள் நகல் எடுங்கள். ‘மூவ்’ வேண்டாம், ‘காப்பி’ மட்டும். ஜிமெயில் ஐமேப் வழியாக ஏற்றும் அளவு நாளுக்கு 500 எம்பி. அதற்கு மேல் போனால் கணக்கைச் சிறிது நேரம் பூட்டிவைக்கும். 3 ஜிபி பெட்டி என்றால் ஆறு நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்றுபோனால் பாதியில் ஆரம்பிக்காமல், அந்த ஃபோல்டரில் எத்தனை ஏறியிருக்கிறது என்று எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்துத் தொடருங்கள்.

பென் டிரைவில் ஒரு நகலும் வையுங்கள். தண்டர்பேர்டில் உதவிப் பட்டியலில் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ திறந்தால் புரொஃபைல் ஃபோல்டர் இருக்கும் இடம் தெரியும். மென்பொருளை மூடிவிட்டு அதை முழுதாகக் காப்பி செய்யுங்கள். ஒரு மெயில் ஃபோல்டரின் கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆன பென் டிரைவ் ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜிமெயிலே பழைய பெட்டியிலிருந்து மெயிலை இழுத்துக்கொள்ளும் என்கிறார்களே?

போப் மூலம் பிற கணக்குகளின் மெயிலை இழுக்கும் வசதி வெப் ஜிமெயிலில் நெடுநாள் இருந்தது. 2026 முதல் அதைக் கூகுள் விலக்கிக்கொள்கிறது. பழைய வீடியோக்களில் சொல்லப்படும் அந்த வழியை நம்பித் திட்டம் போடாதீர்கள். பழைய பெட்டியிலிருந்து ஃபார்வர்டு, தண்டர்பேர்டில் நகல் என்ற இரண்டுமே போதும்.

கணினியில் பழைய அவுட்லுக் மென்பொருளில் பல வருட மெயில் இருக்கிறது. அது பத்திரம்தானே?

போப் கணக்கு என்றால் அது அந்தக் கணினியில் மட்டுமே இருக்கிறது. ஹார்டு டிஸ்க் போனால் போச்சு. பிஎஸ்டி என்று முடியும் கோப்பைத் தேடி, அவுட்லுக்கை மூடிவிட்டு நகல் எடுங்கள். அவுட்லுக் 2003-க்கு முந்தைய பதிப்புகளில் உருவான கோப்புகள் 2 ஜிபியைத் தொட்டால் கெட்டுப்போகும் வகை. அந்த அளவை நெருங்கியிருந்தால் தாமதிக்காதீர்கள்.

தொடர்புப் பட்டியலை இறக்கினால் தமிழ்ப் பெயர்களெல்லாம் கட்டங்கட்டமாக வருகிறதே?

தொடர்புகள் இறங்கும் சிஎஸ்வி கோப்பை எக்ஸெல்லில் இரட்டை கிளிக் செய்து திறந்து, சேமித்தால் இப்படி ஆகும். தமிழோ மலையாளமோ யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருக்கிறது என்று எக்ஸெல்லுக்குத் தெரியாமல் திறந்து, அதே கோளாறோடு சேமித்துவிடும். இறக்கிய கோப்பைத் திறக்காமலேயே புதுக் கணக்கின் தொடர்புகள் பக்கத்தில் இம்போர்ட் செய்யுங்கள். தொடர்புகளை விகார்டு என்ற வடிவத்தில் இறக்க முடிந்தால் அதுவே மேல்.

ஃபார்வர்டு போட்டுவிட்டால் போதாதா, ஒவ்வொரு இடமாக மாற்றத்தான் வேண்டுமா?

பழைய கணக்கு மூடும் நாளோடு ஃபார்வர்டும் முடிந்தது. அது பாலம், வீடு இல்லை. தவிர, ஃபார்வர்டு ஆகும் மெயிலில் சில ஸ்பேமுக்குப் போகும். வங்கியிலிருந்து கிளம்பிய மெயிலை உங்கள் பழைய கம்பெனியின் சர்வர் திருப்பி அனுப்பும்போது, வங்கியின் எஸ்பிஎஃப் பதிவில் அந்தச் சர்வர் இருக்காது. ஜிமெயிலுக்குச் சந்தேகம் வரும். ஃபார்வர்டு ஓடும் நாட்களில் தினமும் ஒருமுறை ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஓடிபி தாமதமாக வந்து காலாவதியாவதும் இதில் சகஜம்.

ஃபார்வர்டு ஆகி வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் தானாக ஒரு லேபிள் விழும்படி ஜிமெயிலில் ஃபில்டர் போடுங்கள். பழைய முகவரிக்கு வந்தது எது என்று தனியாகத் தெரியும். அந்த லேபிள் வாரக்கணக்கில் காலியாக இருக்கிறது என்றால்தான் பழைய பெட்டியை மூடலாம்.

எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மனதில் இருந்து எழுதினால் பாதிதான் வரும். பழைய பெட்டியின் தேடல் கட்டத்தில் ஓடிபி, வெரிஃபை, வெல்கம், ஸ்டேட்மெண்ட், இன்வாய்ஸ், ரினியூவல், பிரீமியம் என்ற ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். உலாவியில் சேமித்த பாஸ்வேர்டுகளின் பட்டியலையும் திறந்து, பழைய முகவரி பயனர் பெயராக உள்ளவற்றைக் குறியுங்கள். வருடத்துக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோ மெயில் அனுப்புகிறவைதான் கையை விட்டு நழுவும்: காப்பீடு, டொமைன் புதுப்பித்தல், கம்பெனி இயக்குநர்களுக்கான கேஒய்சி.

முதலில் மாற்ற வேண்டியது வங்கி அல்ல. உங்கள் மற்ற மெயில், கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் கணக்குகளில் மீட்பு முகவரியாக உள்ள இடம். பாஸ்வேர்டு மறந்தால் சாவி அங்குதான் போகும்.

வருமான வரித் தளத்தில் ‘மை புரொஃபைல்’ பகுதியில் தொடர்பு விவரங்களை மாற்றலாம், ஓடிபி வரும். ஆடிட்டரின் மெயிலைக் கொடுத்திருந்தால் இதே சாக்கில் உங்களுடையதாக மாற்றிவிடுங்கள். ஜிஎஸ்டியில் இது ‘நான்-கோர்’ (முக்கியமல்லாத விவரம்) திருத்தம், அதிகாரி ஒப்புதல் தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர் பகுதியில் மாற்றி, புது முகவரிக்கு வரும் ஓடிபியைப் போட்டு, டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பம்) அல்லது இவிசி (ஓடிபி மூலம் சரிபார்ப்பு) மூலம் சமர்ப்பிக்க வேண்டும். எல்லையில் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க: கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண்கள் தனித்தனிப் பதிவுகள். ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. போடியிலும் புத்தடியிலும் நடக்கும் ஏலக்காய் மின் ஏலத்தில் பதிவு உள்ளவர்கள் ஸ்பைசஸ் போர்டிலும் ஏல நிறுவனத்திலும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் டீமேட் கணக்கு வைத்துள்ள இடத்திலும் ஃபண்டிலும் மாற்றுங்கள். பிஎஃப், பாஸ்போர்ட், ஐஆர்சிடிசி, ஃபாஸ்டேக், எல்ஐசி, சபரிமலை வரிசை முன்பதிவுக் கணக்கு, இரண்டு மாநில மின்வாரியங்கள் என்று பட்டியல் நீளும். ஆதாரில் உள்ள மெயிலை ஆதார் சேவை மையத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றும்போது பழைய முகவரிக்கும் ஓடிபி அனுப்புகிற தளங்கள் உண்டு. இணைப்பை வெட்டும் முன் இதை முடியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

புது நெட்டுக்கு மாறிய பிறகு மெயில் வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை. ஏன்?

பழைய கம்பெனியின் எஸ்எம்டிபி சர்வரை (மெயிலை வெளியே அனுப்பும் சர்வர்) போர்ட் 25-இல் பாஸ்வேர்டு இல்லாமல் அமைத்திருப்பீர்கள். அவர்களுடைய இணைப்பில் இருக்கும்வரை அது வேலை செய்யும். வெளியாள் நெட்டிலிருந்து வந்தால் மறுப்பார்கள். பல புதுக் கம்பெனிகள் போர்ட் 25-ஐயே அடைத்துவைத்திருக்கும். அனுப்பும் அமைப்பைப் போர்ட் 587, ஸ்டார்ட்டிஎல்எஸ், பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தேவை என்று மாற்றுங்கள். சில இடங்களில் 465, எஸ்எஸ்எல். கடையில் உள்ள பில்லிங் மென்பொருள், ஸ்கேனர், சிசிடிவி பெட்டி இவற்றிலும் பழைய அமைப்பு ஒளிந்திருக்கும். அவற்றுக்கு ஜிமெயில் கொடுத்தால் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு உருவாக்கி அதைத்தான் அடிக்க வேண்டும். வழக்கமான பாஸ்வேர்டு ஏற்காது.

தெரியாமல் இணைப்பை ஏற்கெனவே துண்டித்துவிட்டேன். இனி ஏதாவது செய்ய முடியுமா?

உடனே வெப்மெயிலில் நுழைந்து பாருங்கள். கணக்கை மூடியதும் மெயில் பெட்டியை அன்றே அழிக்காமல் சில நாள் விட்டுவைப்பது உண்டு. திறந்தால் வேறு எதையும் பார்க்காமல் முதலில் ஃபார்வர்டு போடுங்கள், அடுத்து வங்கி, வரி, மீட்பு முகவரிகள். திறக்காவிட்டால் கணக்கை மீண்டும் உயிர்ப்பிக்க முடியுமா என்று கம்பெனியில் கேளுங்கள். ஒரு மாதக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தாலும் லாபம்தான். போனிலோ பழைய லேப்டாப்பிலோ அந்தக் கணக்கு இருந்தால், நெட்டை அணைத்துவிட்டு அதைத் திறந்து, அதில் தங்கியிருக்கும் மெயில்களை முதலில் நகல் எடுங்கள். அதன் பின்தான் நெட்டைப் போட வேண்டும்.

எதுவும் நடக்கவில்லையென்றால் ஒவ்வொரு இடத்திலும் மொபைல் ஓடிபி மூலம் முகவரியை மாற்றும் வழிதான் மிச்சம். மாற்றுவதற்கு வங்கிக் கிளைக்கு நேரில் அடையாளச் சான்றோடு போக வேண்டியிருக்கும்.

விட்டுவிட்ட என் முகவரியை வேறு யாருக்காவது கொடுப்பார்களா?

கொடுக்கக் கூடாது என்று கட்டாயம் எதுவும் இல்லை. கொடுத்தால், உங்கள் பெயரில் உள்ள கணக்குகளின் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ மெயில்கள் அவர் கைக்குப் போகும். சொந்த டொமைனைக் காலாவதியாக விட்டால் நிலைமை இன்னும் மோசம். யார் வேண்டுமானாலும் பெயரை வாங்கி உங்கள் எல்லா முகவரிகளுக்கும் வரும் மெயிலைப் படிக்கலாம். கடையை மூடினாலும் டொமைனை இரண்டு மூன்று வருடம் கட்டிவையுங்கள்.

எல்லோருக்கும் எப்படித் தெரிவிப்பது?

ஒரே மெயிலில் 300 பேரைச் சேர்த்து அனுப்பினால் ஸ்பேம் என்று தடுத்துவிடுவார்கள். 40, 50 பேராகப் பிரித்து, பிசிசி கட்டத்தில் (அதில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது) போட்டு, பழைய முகவரியிலிருந்தே அனுப்புங்கள். புது முகவரியிலிருந்து வந்தால் மோசடியோ என்று சந்தேகிப்பார்கள். “வணக்கம். எங்கள் மின்னஞ்சல் முகவரி மாறுகிறது. இனி (புது முகவரி) என்ற முகவரிக்கு எழுதவும். வங்கிக் கணக்கு விவரங்களில் எந்த மாற்றமும் இல்லை” என்ற நான்கு வரி போதும். அந்தக் கடைசி வரி வியாபாரிகளுக்கு மிக முக்கியம். முகவரி மாறுகிறது என்ற செய்தியைத் தொடர்ந்து “எங்கள் வங்கிக் கணக்கும் மாறிவிட்டது” என்று போலி மெயில் அனுப்பிப் பணம் பறிப்பது நடக்கிற வேலை. பழைய பெட்டியில் தானியங்கிப் பதில் வசதி இருந்தால் அதையும் கடைசி நாள் வரை போட்டுவையுங்கள்.

“உங்கள் மெயில் பெட்டி 24 மணி நேரத்தில் மூடப்படும்” என்று லிங்க்கோடு ஒரு மெயில் வந்திருக்கிறது. உண்மையா?

அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். இணைப்பை மாற்றும் நேரத்தில் இப்படி வந்தால் நம்பத்தான் தோன்றும். மெயிலில் உள்ள லிங்க்கை விட்டுவிட்டு, பில்லில் அச்சடித்துள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே பாஸ்வேர்டு அடித்துவிட்டீர்களென்றால், வேறு கருவியிலிருந்து உடனே பாஸ்வேர்டை மாற்றி, அமைப்புகளில் உங்களுக்குத் தெரியாத ஃபார்வர்டு முகவரியோ ஃபில்டரோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திருடுகிறவர்கள் முதலில் போடுவது அதைத்தான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ஃபார்வர்டு ஓடிக்கொண்டே இருக்கும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம் எங்கிருந்து கூப்பிட்டாலும் அதே எண்தான்.